கிடையில் கிடந்த மோட்டார் படகை மலையில் மீண்டும் ஓட வைப்பது: எஞ்சினும் மின்சாரமும், வரிசைப்படி

ஆறு வருடம் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த படகு. ஃபைபர் உடல், பின்னால் 25 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். இரண்டு ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், கார்புரேட்டர், 12 வோல்ட் பேட்டரி, செல்ஃப் ஸ்டார்ட். ஏலத்தில் எடுத்தவர் ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் இறக்கிவிட்டு, "நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சாம், பேட்டரி மட்டும் மாத்தினா போதும்" என்றார். இதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பேட்டரி மட்டும் மாற்றி ஓடிய படகை இதுவரை பார்த்ததில்லை.

கிடந்த படகில் கோளாறு ஒன்றாக இருக்காது, ஐந்தாறு இருக்கும். ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றவை எஞ்சினை எழ விடாது. புதிதாக வருபவர்கள் பிளக்கை மாற்றுவார்கள், ஸ்டார்ட் ஆகாது. கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், அப்போதும் ஆகாது. உடனே பழைய பிளக்கே நல்லது என்று திரும்பப் போடுவார்கள். சாயங்காலத்துக்குள் எது கெட்டது, எது நல்லது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பகுதியையும் தனியாகச் சோதித்து முடித்த பிறகுதான் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்ட வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. தொடங்கும் முன்

மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், உங்கள் பிளக் மரைக்குப் பொருந்தும் கம்ப்ரஷன் கேஜ், ஸ்பார்க் டெஸ்டர், பிளக் ஸ்பேனர், துரு இளக்கும் ஸ்பிரே, உப்புத்தாள், ஆப்ப சோடா, மூடியுள்ள கண்ணாடி ஊறுகாய் பாட்டில் ஒன்று, 200 லிட்டர் டிரம் ஒன்று. எஞ்சினின் சர்வீஸ் புத்தகம் கட்டாயம் வேண்டும். இன்னொரு எஞ்சினின் அளவுகளை வைத்து வேலை செய்யாதீர்கள்.

உதிரிபாகங்களில் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர், கார்புரேட்டர் கேஸ்கெட்கள், கியர் எண்ணெய் திருகுகளின் வாஷர்கள், பெட்ரோல் ஹோஸ், பிளக்குகள் எப்படியும் தேவைப்படும். மலையில் இவை கிடைக்காது. கோவையிலோ, மீன்பிடி எஞ்சின்கள் ஓடும் கொச்சியிலோ சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்தால் அது இன்னும் தள்ளிப்போகும். எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பார்சலுக்குக் காத்திருந்தால் கழற்றிய சின்னத் திருகுகள்தான் முதலில் தொலையும்.

குளிருக்குக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூலையில் கணப்பு மூட்டிவிட்டு வேலை செய்வது இங்கே பழக்கம். படகு வேலையில் இரண்டும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தட்டில் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். கதவு திறந்தே இருக்கட்டும், ஸ்வெட்டர் இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

2. சாவிக்கு முன் கை

மூடியைத் திறந்ததும் எங்களுக்குக் கிடைத்தது எலிக்கூடு. தேயிலைச் சருகு, தார்ப்பாய் நூல், ஒயரிலிருந்து உரித்த சிவப்புப் பிளாஸ்டிக் என்று பஞ்சுமெத்தை மாதிரி கட்டி வைத்திருந்தது. உதவிக்கு இருந்த பையன் அதை வாரிப் போட்டுவிட்டு, "அண்ணா, ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பாத்துடலாமா?" என்றான். வேண்டாம் என்றேன். எல்லோருக்கும் வரும் ஆசைதான்.

மலை ஈரத்தில் வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். கையால் சுற்றினால் அந்த இறுக்கம் நமக்குத் தெரியும். செல்ஃப் மோட்டாருக்கு அது தெரியாது, பலத்தைக் காட்டி ரிங்கை உடைத்துவிடும்.

பிளக்குகளைக் கழற்றுங்கள். எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வையுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் எஞ்சினின் உச்சியில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் நட்டில் ஸ்பேனர் போட்டு, வலஞ்சுழியாக மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் தண்ணீர் பம்பின் ரப்பர் இதழ்கள் மடங்கி முறியும். அசையவில்லையா? இன்னும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். ஃப்ளைவீலைச் சுத்தியலால் தட்டாதீர்கள். அதற்குள் இருப்பது காந்தம்.

3. பேட்டரியும் தடித்த கேபிள்களும்

ஆறு வருடம் கிடந்த பேட்டரியை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். சோதனைக்கு நல்ல பேட்டரி ஒன்றை இரவல் வாங்குங்கள். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6-ஐ ஒட்டிக் காட்டும், 12.2 என்றால் பாதிதான். உறைபனி விழும் மார்கழி, தை காலையில் அதே பேட்டரியின் பலம் இன்னும் குறையும். அதனால் சோதனையை வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முனை மாற்றி இணைத்தால் சார்ஜிங் டயோடுகள் நொடியில் போய்விடும். பழைய படகில் கேபிள் நிறத்தை நம்ப வேண்டாம். எங்கள் படகில் யாரோ இரண்டுக்கும் கறுப்பே போட்டிருந்தார்கள். எஞ்சின் பிளாக்கில் போய் முடிவதுதான் எர்த், அதுதான் மைனஸ். மீட்டரை வைத்து உறுதி செய்யுங்கள்.

அடுத்தது வோல்ட்டேஜ் இறக்கம், அதாவது கேபிளிலும் இணைப்புகளிலும் வீணாகும் வோல்ட், பார்ப்பது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் செல்ஃப் கோளாறில் பெரும்பாலானவை இங்கேதான் பிடிபடும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்பில் வேண்டாம். கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் பிளஸ் போல்ட்டில். பிளக்குகள் வெளியே இருக்கட்டும், பிளக் ஒயர்களை எஞ்சின் உடலோடு எர்த் செய்துவிடுங்கள். ஒருவர் மூன்று நொடி செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி.

எங்களுக்கு 2.3 வந்தது. கேபிள் வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. கறுப்பு முனையை மட்டும் கிளாம்புக்கு மாற்றி வைத்து மறுபடி அடித்தோம், 2.1. அதாவது இழப்பு கிட்டத்தட்ட முழுவதும் குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே. கழற்றினால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு தோல். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துக் கழுவி, உப்புத்தாள் போட்டு, உலர்த்தி இறுக்கிய பிறகு 0.3. சோடா தண்ணீர் பேட்டரிக்குள் சொட்டக் கூடாது.

இதே சோதனையை எர்த் பக்கமும் செய்யுங்கள்: பேட்டரியின் மைனஸ் குமிழிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு. செல்ஃப் 'டிக்' என்று மட்டும் சொல்லி நின்றால் சோலனாய்டை (செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) வாங்க ஓடுவதற்கு முன் இந்த எர்த்தைப் பாருங்கள். ஒரு சத்தமும் இல்லையென்றால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, மெயின் பியூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

4. கம்ப்ரஷன்: மலைக்கு மலைக்கணக்கு

கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அழுத்தம். பிளக்குகள் எல்லாம் வெளியே, ஒரு துளையில் கேஜைத் திருகி, த்ராட்டில் முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும் வரை செல்ஃப் அடிக்க வேண்டும். பம்பின் பழைய ரப்பர் கொஞ்சம் உலர்ந்து சுற்றும், பரவாயில்லை. எப்படியும் அதை மாற்றப் போகிறோம். புது இம்பெல்லரை இதற்குப் பிறகு போடச் சொல்வது இதனால்தான். கம்ப்ரஷனே இல்லாத எஞ்சினுக்கு உதிரிபாகம் வாங்கிக் காசைக் கரைக்கவும் வேண்டியதில்லை.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. கீழே 120 பி.எஸ்.ஐ. காட்டும் எஞ்சின், எந்தக் குறையும் இல்லாமலே, இங்கே 90-ஐ ஒட்டித்தான் காட்டும். கொடைக்கானலிலும் இதே கதைதான். சமவெளிப் பட்டறை ஒன்றிலிருந்து வந்த மெக்கானிக் 92-ஐப் பார்த்துவிட்டு, எஞ்சின் முடிந்தது, போரிங் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த எஞ்சின் அதன் பிறகு இரண்டு சீசன் ஓடியது.

மலையில் எண்ணைவிட வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்ததில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் ரிங் தேய்மானம் அல்லது ஒட்டல். ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகப்படலாம்.

கடற்கரையிலிருந்து வாங்கிய எஞ்சினாக இருந்தால் இன்னொன்று. கேரளக் கரையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் எஞ்சின்கள் நிறைய. அவற்றுக்குக் கம்ப்ரஷனே குறைவாக வைத்திருப்பார்கள். மாடல் எழுத்துகளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

5. பொறி

பெட்ரோலைத் திறப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். திறந்த பெட்ரோலும் தீப்பொறியும் ஒரே கொட்டகையில் ஒரே நேரத்தில் வேண்டாம். துளைகளில் ஊறிய எண்ணெய்ப் புகையைக் காற்றில் போக விட்டு, டெஸ்டரைத் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். பொறி நீலமாக, கேட்கும்படி வெடிக்க வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் போதாது. பிளக் ஒயரைக் காற்றில் தொங்கவிட்டு எஞ்சினைச் சுற்றினால் பொறிக்கு மின்சாரம் அனுப்பும் சி.டி.ஐ. பெட்டி கெடலாம், எப்போதும் எர்த் செய்யுங்கள்.

இரண்டிலும் பொறியே இல்லையா? முதலில் சிவப்புக் கயிறு. ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் நிற்பதற்காகச் சுவிட்சில் மாட்டும் அந்தச் சின்ன கிளிப் இல்லாமல் செல்ஃப் சுற்றும், பொறி வராது. நான் முதன்முதலில் எடுத்த படகில் சி.டி.ஐ., காயில், ஃப்ளைவீல் என்று ஒரு நாள் முழுக்கக் கழற்றினேன். கிளிப் டேஷ்போர்டு அறைக்குள் பத்திரமாக இருந்தது.

கிளிப் இருந்தும் பொறி இல்லையென்றால், எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் ஒயரை இணைப்பியில் பிரித்துவிட்டுச் சோதியுங்கள். பொறி வந்துவிட்டால் எஞ்சினில் குறை இல்லை. சாவி, சுவிட்ச், அல்லது எலி கடித்து எர்த் ஆகும் ஒயர்தான் குற்றவாளி. ஒரு சிலிண்டரில் மட்டும் இல்லையென்றால் காயில்களை இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில். சி.டி.ஐ. பெட்டியைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். விலை அதிகம், கெடுவது குறைவு.

6. தண்ணீர் பம்பும் கியர் எண்ணெயும்

கியர்பாக்ஸின் கீழ்த் திருகை முதலில், மேல் திருகைப் பிறகு கழற்றி எண்ணெயை வடியுங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. முதலில் தெளிந்த தண்ணீரே சொட்டினால் உள்ளே துருவும் இருக்கலாம். புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக அழுத்தி, மேல் துளையில் வழியும் வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவே காற்று நின்றுவிடும்.

எஞ்சினின் கீழ்க்காலை, அதாவது கியர்பாக்ஸும் ப்ரொப்பெல்லரும் இருக்கும் அடிப்பகுதியை, கழற்றிப் பம்பைத் திறந்தால் பழைய இம்பெல்லரின் இதழ்கள் ஒரே பக்கம் மடங்கியபடி இறுகியிருக்கும். பார்க்க முழுசாக இருந்தாலும் மாற்றுங்கள். இதழ் உடைந்திருந்தால் உடைந்த துண்டையும் தேடி எடுங்கள், மேலே குழாயில் போய் அடைத்திருக்கும். புதியதை வலஞ்சுழியாகச் சுழற்றிக்கொண்டே உள்ளே நுழைக்கவும். இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சின்னச் சாவித்துண்டு நழுவாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது தண்ணீர் பீய்ச்சும் சிறு துளை இருக்கிறதே, அதில் மண்குளவி கூடு கட்டியிருக்கும். மண் உருண்டை, அதற்குள் காய்ந்த புழு. புது பம்ப் போட்டும் தண்ணீர் வரவில்லை என்று திரும்பத் திரும்பப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நைலான் இழையால் குத்தி, பின்பக்கமிருந்து ஊதுங்கள். பெட்ரோல் டேங்க்கின் காற்றுத் துளையிலும் இதே குளவிதான்.

7. பெட்ரோல் பாதை

பழைய பெட்ரோலை ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரியும். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மூடுபனியில் நின்ற பாதி டேங்க்கில் இரவெல்லாம் நீர் வியர்த்து, ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கீழே பிரிந்துவிடும். எஞ்சின் உறிஞ்சுவதும் கீழிருந்துதான். மேலே நல்ல பெட்ரோலை ஊற்றிக் கலந்தால் சரியாகாது, முழுதும் வடிக்க வேண்டும். வடித்ததை மண்ணிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். இந்த மலையின் ஓடையெல்லாம் யாரோ ஒருவருடைய குடிநீர்.

பழைய ஹோஸும் கைப்பம்ப் உருண்டையும் எத்தனாலுக்கு முந்தைய ரப்பராக இருக்கலாம். வெளியே நன்றாக இருக்கும், உள்சுவர் உரிந்து கறுப்புத் தூளாகக் கார்புரேட்டருக்குப் போகும். மாற்றிவிடுங்கள்.

கார்புரேட்டரைக் கழற்றும் முன் படம் எடுங்கள். கலவைத் திருகை முதலில் உள்ளே மெல்ல முடியும் வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவிட்டுப் பிறகு வெளியே எடுங்கள். பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகுகளான ஜெட்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முழு வட்டம் தெரிய வேண்டும். இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கிளீனர், காற்று, பொறுமை போதும்.

மாட்டிய பிறகு கைப்பம்ப்பை அழுத்துங்கள், கல் மாதிரி இறுக வேண்டும். இறுகாவிட்டால் எங்கோ காற்று புகுகிறது. இறுகியும் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் மிதவை ஊசி அடைக்கவில்லை.

எண்ணெய்க் கலவை 50-க்கு 1 என்று புத்தகம் சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. டி.சி.-டபிள்யூ.3 என்று போட்ட படகு எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பைக்குக்கும் ஆட்டோவுக்கும் விற்கும் 2டி எண்ணெய், தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு ஏற்றதல்ல.

8. டிரம்மில் முதல் ஸ்டார்ட்

ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் உறிஞ்சும் துளைகளுக்கு நன்றாக மேலே வரை டிரம்மில் தண்ணீர் நிற்கட்டும். "சும்மா ரெண்டே செகண்ட்" என்று தண்ணீர் இல்லாமல் ஓட்டுவதில்தான் புது இம்பெல்லர் கருகும்.

சோக் இழுத்து, பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவே ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். பிடித்ததும் வெள்ளைப் புகை கொட்டகையை மறைக்கும், நாம் ஊற்றிய எண்ணெய்தான். கண்கள் தண்ணீர்த் துளையில் இருக்கட்டும். இருபது நொடிக்குள் பீய்ச்சவில்லையென்றால் நிறுத்துங்கள். டிரம்மில் புகை நுரைத்துப் பம்ப் நுரையை உறிஞ்சத் தொடங்கும், அவ்வப்போது புதுத் தண்ணீர் விடுங்கள்.

நிலையாக ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டர். வேகத்தைச் சற்றுக் கூட்டினால் 13.5-க்கு மேல், 14.5-ஐ ஒட்டி வர வேண்டும். ஓடும் எஞ்சினில் பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய மெக்கானிக் வித்தையைச் செய்யாதீர்கள். ரெகுலேட்டர் போய்விடும்.

9. மலைக்காற்றுக்கு ஜெட்

டிரம்மில் அழகாக ஓடி, ஏரியில் பாதி த்ராட்டிலுக்கு மேல் தொண்டை அடைத்த மாதிரி இழுக்கிறதா? பிளக் கறுத்து நனைந்திருக்கிறதா? கடல்மட்டத்துக்கு அமைத்த ஜெட், இங்கே இருக்கும் மெலிந்த காற்றுக்குப் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கிறது. சர்வீஸ் புத்தகத்தின் உயர அட்டவணைப்படி சின்ன மெயின் ஜெட் போட வேண்டும். இதனால் கலவைதான் சரியாகும். காற்றுக் குறைவால் போன பலம், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, திரும்பி வராது. எஞ்சின் முழுச் சுற்றுக்கு ஏறவில்லையென்றால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த ப்ரொப்பெல்லர் போடுங்கள். ஓர் அங்குலப் பிட்ச் குறைத்தால் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று கூடும்.

மாற்றியதை எஞ்சின் மூடிக்குள் பெயிண்டால் எழுதி வையுங்கள். "ஊட்டி ஜெட்" என்று இரண்டு வார்த்தை போதும். நாளைக்கு யாராவது இதே படகை வைகை அணைக்கு இறக்கினால் அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். கறுத்த பிளக்கைத் துடைத்துவிடலாம், உருகிய பிஸ்டனை ஒன்றும் செய்ய முடியாது.

10. மற்ற ஒயர்கள்

எஞ்சின் ஓடிய பிறகே விளக்குப் பக்கம் வாருங்கள். எல்லாப் பியூஸையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். ஒயரின் உறையை உரித்தால் செம்பு பளபளக்க வேண்டும். களிம்பேறிப் பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், பளபளப்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை வைத்திருக்காதீர்கள், டேப்புக்குள் ஈரம்தான் சேரும். வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பி படகின் அதிர்வில் முறியும். பல இழை ஒயரே போடுங்கள்.

அடித்தட்டுத் தண்ணீரை இறைக்கும் பம்ப்புக்குப் பேட்டரியிலிருந்து நேர் இணைப்பும் தனிப் பியூஸும் வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போன இரவில்தானே மழை பெய்யும். மிதவைச் சுவிட்சைக் கையால் தூக்கிப் பாருங்கள், உடனே ஓட வேண்டும்.

11. தண்ணீரில்

ஏரிகளும் அணைகளும் அரசுத் துறைகளின் பொறுப்பில் இருப்பவை. அனுமதி கையில் இல்லாமல் டிரெய்லரைக் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். உயிர்காப்புச் சட்டை, துடுப்பு, நங்கூரக் கயிறு, கூட ஒருவர். பைக்காரா மின்சாரத்துக்கான நீர்த்தேக்கம், நீர்மட்டம் ஏறி இறங்கும். தண்ணீர் குறைந்த நாளில் கரையோரம் மெதுவாகப் போங்கள்.

இறக்கும் முன் படகின் பின்பக்க வடிகால் தக்கையை விரலால் தொட்டுப் பாருங்கள். பதினைந்து நாள் வேலை முடித்து இறக்கியபோது நாங்கள் அதை மறந்தோம். பையன்தான் முதலில் கவனித்தான்: "அண்ணா, கால் நனையுது." புதிதாக மாட்டிய பம்ப் வேலை செய்கிறது என்பதும் அப்போதே தெரிந்தது.

முதல் அரைமணி கரையைச் சுற்றி அரை வேகத்துக்குள் ஓட்டுங்கள். பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால், நீர்ப்பாசி துளைகளை மூடியிருக்கும். நிறுத்தி, காலைத் தூக்கி உருவி எடுங்கள். திரும்பி வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும், காப்பிப்பொடி நிறம் இருந்தால் கலவை சரி. மறுநாள் காலை, எஞ்சினை அசைப்பதற்கு முன், கியர்பாக்ஸின் கீழ்த் திருகை அரைச் சுற்று தளர்த்தி இரண்டு சொட்டு விரலில் பிடியுங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் இரவில் அடியில் இறங்கியிருக்கும், முதல் சொட்டிலேயே தெரிந்துவிடும்.